பூஜ்யக் கோட்டுக்குக் கீழே

எங்கள் ஆய்வகத்து அலைகாட்டியின் இடது ஓரத்தில் ஒரு சின்னப் பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் திரையில் ஓடும் மின் அலை, தான் நிஜமாக எந்த உயரத்தில் நிற்கிறது என்பதை மறைத்துக்கொண்டு, சமர்த்துப் பிள்ளையாகப் பூஜ்யக் கோட்டின் நடுவில் வந்து உட்கார்ந்துகொள்ளும். பாதி மேலே, பாதி கீழே. பார்க்க லட்சணமாக இருக்கும். பதினோரு பேருடைய காது நரம்பு அந்த லட்சணத்தில்தான் வீணாகப் போக இருந்தது.

நான் அடிப்படையில் பம்ப்செட் ஆள். பெயர் தியாகராஜன். கோயம்புத்தூரில் பன்னிரண்டு வருடம் மோட்டாருக்கான கட்டுப்பாட்டுப் பெட்டி வடிவமைத்தேன். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தில் நடுக்கம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அங்கே தினப்படி வேலை. நடுக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும் என்பதால் அந்தப் பொத்தான் எப்போதும் அழுத்தியே இருக்கும். யாராவது எடுத்துவிட்டால் அடுத்து வருபவன் திட்டுவான். காதுக் கருவி செய்யும் ஒரு சிறிய கம்பெனிக்கு மாறியபோது என் அலைகாட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தேன். பழக்கமும் கூடவே வந்துவிட்டது.

நாங்கள் செய்தது காதையே தாண்டிப் போகிற கருவி. காதுக்குப் பின்னால் மாட்டும் சின்னப் பெட்டி, வெளிச் சத்தத்தை மின்தட்டல்களாக மாற்றும். எலும்பில் பதித்த ஒரு குமிழ் வழியாக மெல்லிய கம்பி உள்ளே போய் நரம்பைத் தட்டும். அவ்வளவுதான். முதல் சோதனையில் பதினோரு பேருக்குப் பொருத்தினோம். ஏழு மாதம் ஒரு புகாரும் வரவில்லை. ஆபீசில் லட்டு கொடுத்தார்கள். நான் இரண்டு எடுத்துக்கொண்டேன்.

சாந்தாமணி அக்கா ஏழாவது ஆள். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை சோமனூரிலிருந்து பஸ் பிடித்துப் பரிசோதனைக்கு வருவார். ஐம்பத்திரண்டு வயது. பதினாறு வயதிலிருந்து விசைத்தறிக் கூடத்தில் நின்றவர். தறிச் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றுவிட்டது. காது போனது வெகுநாள் அவருக்கே தெரியவில்லையாம். ஓடுகிற தறிக் கூடத்தில் நல்ல காது உள்ளவர்களுக்கும் பேச்சு கேட்காது. எல்லோரும் உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வார்கள். வீட்டில் குக்கர் விசில் கேட்காமல் சோறு அடிப்பிடிக்க ஆரம்பித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்திருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை எங்கள் காது மருத்துவர் ஹெப்சிபா என்னைக் கூப்பிட்டார்.

"இந்தம்மாவுக்கு மாசா மாசம் சத்தத்தைக் கூட்டிக்கிட்டே வர்றேன், தியாகு. ஏன் கூட்ட வேண்டியிருக்குன்னு எனக்குப் புரியல. நீங்க ஒரு தடவை பெட்டியைப் பாருங்க."

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம், சத்தம் புகாத அறையில் அக்கா தனியாக உட்கார்ந்திருந்தார். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. உதடு அசைந்தது. பிறகு சிரித்தார். அறையில் வேறு யாரும் இல்லை. நான் கதவைத் திறந்ததும் சட்டென்று நிமிர்ந்து, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"யாருகிட்டக்கா பேசிட்டிருந்தீங்க?"

"சிரிக்க மாட்டீங்கள்ல தம்பி?"

"மாட்டேன், சொல்லுங்க."

"எங்கூட்டுக்காரருங்க."

அவர் கணவர் நாச்சிமுத்து இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. நான் சிரிக்கவில்லை. சிரிப்பு வந்தது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

"பழைய நெனப்பெல்லாம் வர்றதுதானேக்கா?"

"நெனப்பில்லீங்க. நான் கேட்டதுதானுங்களே எனக்கு நெனப்புல வரோணும்? இது நான் கேக்காததுங்க."

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சுற்றிலும் சத்தம் அடங்கினால் மட்டும் வருமாம். மதியம் சாப்பாட்டுக்குத் தறிகளை நிறுத்திவிட்டுப் பெட்டியை மாட்டுவாராம், அப்போது. முதலில் பழைய தறிச் சத்தம். அதற்கு உள்ளேயிருந்து கணவரின் குரல். காது கெட ஆரம்பித்த வருடத்திலிருந்து தொடங்கி, காலண்டர் கிழிப்பதுபோல் வரிசையாக வந்துகொண்டிருந்ததாம்.

"எம் முதுகுக்குப் பின்னால நின்னு பேசியிருக்காரு தம்பி. எனக்குக் கேக்காதுன்னு தெரிஞ்சே பேசியிருக்காரு. 'சாந்தா'ன்னு பேரச் சொல்றாருங்க. இருவத்தாறு வருசத்துல என்னை ஒருக்காகூடப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்ல. கூப்பிடோணும்னா கழிவு நூல உருட்டித் தோள்ல எறிவாரு. நான் திரும்பிப் பாப்பேன். அதுதான் எங்களுக்குப் பேரு."

"காது கெடறப்ப டாக்டர்கிட்டக் காட்டலையாக்கா?" என்று எதையோ கேட்டு வைத்தேன்.

"ஊருல காது கேம்ப் போட்டாங்கன்னு அவருதான் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் அவருகிட்டப் பேசினாரு. வயசானா அப்படித்தானாம்னு இவரு எங்கிட்ட வந்து சொன்னாரு."

பிறகுதான் அவர் எதற்காக இதை ஏழு மாதமாக ஒளித்து வைத்திருந்தார் என்பது வெளியே வந்தது. நாச்சிமுத்து இறந்தது கார்த்திகை பன்னிரண்டாம் தேதி, ஆஸ்பத்திரியில், ஆக்ஸிஜன் மாஸ்க்குடன். மகள் கோகிலவாணி மருந்து வாங்கப் போயிருந்தாள். பக்கத்தில் அக்கா மட்டும்.

"மாஸ்க்குல ஆவி படிஞ்சுது. மூணு தடவ. மூணு தடவையும் என்னமோ சொன்னாரு. உதடு தெரிஞ்சாத்தானுங்களே எனக்குப் பேச்சு? மாஸ்க்கத் தூக்கிப் பாக்கலாம்னு கை வெச்சேன், நர்சம்மா கையத் தட்டி விட்டுருச்சு. அப்பறம் ஆவி படியல." மடியில் இருந்த கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இப்ப அவரு பேச்சு அந்த வருசத்துப் புரட்டாசிக்கு வந்திருக்குதுங்க. கார்த்திகை வர இன்னும் மூணு வாரமாச்சும் ஆகும். அது வரைக்கும் இதை யாரும் தொடாம விட்டீங்கன்னாப் போதும்."

சரி என்று தலையாட்டிவிட்டுப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு என் மேஜைக்கு வந்தேன். ஏதாவது ரேடியோ அலை உள்ளே நுழைகிறதோ என்று சந்தேகம். அலைகாட்டியில் மாட்டினேன். அலை மேலே பாதி, கீழே பாதி, குறை சொல்ல முடியாமல் ஓடியது. ஒரு மணிநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், பேட்டரி இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, வருடக்கணக்கில் நான் தொடாத அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன்.

அலை எம்பி மேலே போயிற்று. அதன் அடிப்பாகம் பூஜ்யக் கோட்டில் பட்டும் படாமலும் நின்றது. கோட்டுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

நான் நாற்காலியிலிருந்து எழுந்து போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோதும் கீழே ஒன்றும் இல்லை. ஹெப்சிபாவைக் கூப்பிட்டேன்.

"இந்தப் பெட்டிக்குள்ள இருக்கிற சிப்புக்குத் தெரிஞ்சது ரெண்டே ரெண்டுதான் டாக்டர். ஒண்ணு சைபர், இல்லைன்னா அஞ்சு வோல்ட். நரம்புக்கு அப்படிக் கொடுக்கக் கூடாது. மேல ரெண்டரை போனா, கீழ ரெண்டரை இறங்கணும். ஏத்தினதை அடுத்த நொடியே இறக்கிடணும். அதுக்காகத் திரும்பி வர்ற கம்பியை நடுவுல, ரெண்டரையில கட்டணும்."

"நீங்க எங்க கட்டினீங்க?"

"தரையில. சைபர்ல."

"சோதனை பண்ணினப்ப?"

"இந்தத் திரையில பாதி மேல, பாதி கீழன்னுதான் தெரிஞ்சது. இந்தப் பொத்தான் அப்படித்தான் காட்டும். என் வேலையைச் சரிபார்த்த மூணு பேரும் இதே திரையிலதான் பார்த்தாங்க."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஹெப்சிபா கோபப்படும்போது குரலை உயர்த்த மாட்டார். அதுதான் பயமாக இருக்கும்.

"அப்ப ஏழு மாசமா பதினோரு பேர் நரம்புக்கு ஒரே பக்கமா மின்சாரம் ஏத்தியிருக்கோம். அந்தம்மாவோட நரம்புல மூணுல ஒரு பங்கு ஏற்கெனவே செத்திருக்கு. இப்பப் புரியுது."

"அந்தக் குரல்?"

"இறங்க வழியில்லாத மின்சாரம் நரம்புலயே தேங்கியிருக்கு. ஒருகாலத்துல வாசல் வரைக்கும் வந்து, உள்ள போக முடியாம நின்ன சத்தம் எல்லாம் இதைப் பிடிச்சுக்கிட்டு ஏறி வருதோ என்னவோ. எந்தப் புத்தகத்துலயும் இப்படி இல்ல, தியாகு. எனக்கு வேற மாதிரி சொல்லத் தெரியல."

"மூணு வாரம் கேக்கறாங்க."

"மூணு வாரத்துல மிச்சமும் போயிடலாம். அதுக்கு முன்னாடியே போகலாம். அப்புறம் எந்தக் கருவியும் வேலை செய்யாது, ஆயுசுக்கும்." எழுந்தவர் வாசலில் நின்றார். "இதை யார் பண்ணினதுன்னு அவங்ககிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

மறுநாள் அக்காவையும் கோகிலவாணியையும் வரவழைத்தோம். மகள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தாள். நான் ஒரு காகிதத்தில் அலையை வரைந்து, மேலே போகிறது, கீழே இறங்கவில்லை என்று விளக்கினேன்.

அக்கா காகிதத்தை ஒரு நிமிடம் பார்த்தார். "தறியில நூல இழுத்துட்டு ஓடற நாடா இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகுது, திரும்பி வரல. அப்படித்தானுங்களே?"

"அப்படித்தான்கா."

"நாடா திரும்பாம தறி ஓடினா ஏழு நிமிசம் தாங்காதே தம்பி. ஏழு மாசமா யாரும் பாக்கலீங்களா?"

"மெஷின்ல சின்னக் கோளாறுக்கா. கவனிக்காம விட்டுட்டாங்க," என்றேன்.

யாரோ வேற்றூர்க்காரன் செய்ததைப் போலச் சொன்னேன். ஹெப்சிபா என்னைப் பார்த்தார். நான் காகிதத்தை மடித்தேன். பதினோரு பேருக்கும் கம்பெனி அனுப்பிய கடிதத்தில், மேம்படுத்தப்பட்ட பாகம் ஒன்று இலவசமாக மாற்றித் தரப்படும் என்றுதான் இருந்தது. அந்த வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவனும் நான்தான்.

"மாத்தினா அவரு பேசறது நின்னு போயிருமுங்களா?" என்று அக்கா கேட்டார்.

"நின்னுரும்."

"அப்ப எனக்கு வேண்டாமுங்க. கார்த்திகை முடியட்டும். காது போனாப் போகுது, முன்னாடி இல்லாம இருக்கலையா நானு?"

கோகிலவாணி தாயின் பக்கம் திரும்பினாள். "நீ இருந்திட்ட. நான் இருந்தனா?" என்றாள். "அஞ்சு வருசமா உம் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு வாயசைச்சே பேசினேன். ஒரு நாளு அழுகை வந்தா அழுதுட்டே உங்கிட்டப் பேச முடிஞ்சுதா? வாய் கோணினா உனக்குப் புரியாது. அப்பா போயிட்டாரும்மா. நான் இருக்கேன். எம் பேச்சு உனக்கு வேண்டாமா?"

அக்கா பெட்டியைக் காதிலிருந்து கழற்றி, கையில் வைத்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. நல்ல எண்ணத்தில் வந்ததா, என் குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது போட வேண்டும் என்று வந்ததா என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை.

"அக்கா, புதுசா வைக்கிற பாகம் நிஜமாவே கீழ இறங்கும். ஏத்தின அளவு இறக்கிடும். அதுக்கு மேலயும் கொஞ்சம் வந்துதுன்னா, அது உங்க நரம்புல தேங்கியிருக்கறது. அதைத் தரையில விடாம ஒரு சின்னப் பெட்டியில பிடிச்சு வைக்கலாம். உங்களுக்குக் கேக்காது. என் மேஜையில போட்டு நான் கேட்டுச் சொல்றேன். கார்த்திகை வரைக்கும், தேங்கினது தீர்ற வரைக்கும்."

"எனக்குச் சொன்னத இன்னொருத்தர் கேக்கறதா?"

"வேற வழி எனக்குத் தெரியலக்கா."

அக்கா மகளைப் பார்த்தார். பிறகு, "அவரு என்ன சொல்லியிருந்தாலும் அப்படியே சொல்லோணும். நல்லதா இருந்தாலும், இல்லைன்னாலும்," என்றார். நான் சரி என்றேன்.

பாகத்தை மாற்ற இருபது நிமிடம் ஆயிற்று. அலைகாட்டியில் இந்த முறை பொத்தானை எடுத்துவிட்டுப் பார்த்தேன். பூஜ்யக் கோட்டுக்கு மேலே இரண்டரை, கீழே இரண்டரை. கோகிலவாணி தாயின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, "அம்மா" என்றாள். அக்கா உடனே திரும்பினார். குரல் முன்னைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணாடி அறையில் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தார். ஒன்றுமே கேட்கவில்லை என்று அவர் சொல்லாமலே தெரிந்தது.

அடுத்த பத்து நாளில் மற்ற பத்துப் பேருக்கும் மாற்றினேன். புகாரே இல்லாத அந்தப் பத்துப் பேரில் ஏழு பேர் திரும்பி வந்தார்கள். அன்னூர்ப் பக்கத்து ரிட்டையர்டு பஸ் கண்டக்டர் ஒருவர், "ஒண்ணும் குறையில்ல சார், கொஞ்சம் பழைய மாதிரி வெச்சுத் தர முடியுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நாங்கள் லட்டு தின்று கொண்டாடிய ஏழு மாதமும் இவர்கள் யார் யாரையோ எங்களிடமிருந்து ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள். முடியாது என்று சொல்லி அனுப்பினேன். ஒருவர்கூடச் சண்டை போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

அக்கா வாரம் இரண்டு முறை பதிவுப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போவார். காலையில் ஆய்வகத்தில் ஆள் வருவதற்கு முன்னால் நான் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்காருவேன். முதலில் வெறும் இரைச்சல். தறிச் சத்தத்தை வடிகட்டி வடிகட்டி எடுத்தால், அடியில் ஒரு மனிதர். மெல்லிய, கொஞ்சம் கூச்சப்பட்ட குரல்.

"சாந்தா, மழ வர்ற மாதிரி இருக்குது. துணி எடுத்தியா?"

"சாந்தா, அந்த மூணாவது தறி பாவு நூலு சரியில்ல. சொன்னா நீ கேக்கவா போற?"

"சாந்தா, வயித்துல கட்டியாம். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல புள்ள. நாளைக்குச் சொல்றேன்."

நாளைக்கும் சொல்லவில்லை. ஒன்பது நாள் அக்காவின் முதுகுக்குப் பின்னால் நின்று அதையே சொல்லிப் பார்த்தார். பத்தாவது நாள்தான் முகத்துக்கு நேராக வாயசைத்துச் சொல்லியிருக்க வேண்டும். அது பதிவில் இல்லை. ஒத்திகை மட்டும்தான் என்னிடம் வந்தது.

"எங்க வந்திருக்காரு?" என்று அக்கா ஒவ்வொரு முறையும் கேட்பார், அவர் ஏதோ பஸ்ஸில் வந்துகொண்டிருப்பதைப் போல.

"ஐப்பசி பதினெட்டுக்கா. மழை பேஞ்சதைப் பத்திச் சொன்னார்." எல்லாவற்றையும் சொன்னேன், வயிற்றுக் கட்டி ஒத்திகையையும். அவர் கேட்டுவிட்டு, "ஒம்பது நாளா?" என்று மட்டும் சொன்னார்.

அந்தக் குரல் என்னோடு வீட்டுக்கு வர ஆரம்பித்தது. தண்ணீர் மோட்டார் ஓடினால் அதற்குள் யாரோ பேசுவதாகத் தோன்றும். என் மனைவி பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடும். காந்திபுரம் பஸ் நிலையத்தில் ஒருவர் "சாந்தா" என்று கத்தியபோது, கூட்டத்தில் திரும்பிப் பார்த்த முதல் ஆள் நான்தான். செத்தவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. மனைவியிடம் சொல்ல முடியாமல் தவித்தார், அவ்வளவுதான். ஆனால் சொல்ல முடியாமல் தவிக்கிற ஒருவரின் குரலை, சொல்லாமலே தப்பித்துக்கொண்ட ஒருவன் தினமும் காலையில் ஹெட்போனில் கேட்கக் கூடாது.

இருபத்து மூன்றாவது நாள் பதிவில் கார்த்திகை பன்னிரண்டு வந்தது. தள்ளுவண்டிச் சக்கரம், ஆக்ஸிஜன் சீறல், மூச்சு. பிறகு அவர் குரல், மாஸ்க்குக்குள் அடைபட்டு. அக்கா சொன்ன மாதிரியே மூன்று தடவை. அதன் பிறகு சீறல் மட்டும். பதிவின் கடைசி வரை கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினேன்.

முதல் தடவை சொன்னது போதும், மிச்சம் இரண்டையும் விழுங்கிவிடலாம் என்றுதான் சோமனூர் பஸ்ஸில் ஏறும்போது நினைத்திருந்தேன். போனவர் போய்விட்டார். இருப்பவருக்கு எதற்கு?

நாலு தறி மட்டும் உள்ள சின்னக் கூடம். அக்கா ஒருவரே நாலையும் பார்த்துக்கொண்டிருந்தார். நாலும் ஓடின, உள்ளே நுழைந்ததும் என் பேச்சு எனக்கே கேட்கவில்லை. வேலை நேரத்தில் காதுப் பெட்டியைக் கழற்றி இடுப்பில் ஒரு சுருக்குப் பையில் வைத்திருப்பார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. எதற்கு வந்திருக்கிறேன் என்று தெரிந்துவிட்டது. அவர் நிற்கும் இடத்துக்குப் பக்கத்து மோட்டாரைச் சுற்றிச் சாக்கு கட்டியிருந்தது. மற்ற மூன்றிலும் இல்லை. நான் அதைப் பார்ப்பதைக் கவனித்து, என் காதருகே வந்து கத்திச் சொன்னார்.

"அவரு சுத்தினதுங்க. கேம்ப்புக்குப் போய்ட்டு வந்த வாரம். எதுக்குன்னு கேட்டேன், சும்மான்னாரு."

வெளியே வாருங்கள் என்று சைகை காட்டினேன். தலையாட்டி மறுத்துவிட்டார்.

"இங்கயே சொல்லுங்க. பெட்டிய நான் மாட்டப் போறதில்ல. அவரு சொன்னத உங்க குரல்ல நான் கேக்க மாட்டேன் தம்பி. வாய மட்டும் அசைங்க. எனக்கு அது போதும்."

என் எதிரில் வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு, என் உதட்டைப் பார்த்து நின்றார். ஐம்பது அறுபது பேர் முன்னால் பேசியிருக்கிறேன். இப்படி யாரும் என்னைப் பார்த்ததில்லை. முப்பது வருடம் உதடு படித்த கண் அது. பாதியை விழுங்கினால் தெரிந்துவிடும்.

சத்தம் வராமல் உதட்டை அசைத்தேன். "சாந்தா."

அவர் கண் மூடவில்லை. மூடினால் அடுத்தது போய்விடும்.

"அன்னிக்குக் கேம்ப்புல அந்த டாக்டர் சொன்னாரு, உன்னைத் தறிய விட்டுரச் சொல்லி. இல்லாட்டிக் காது போயிரும்னு. நாலு தறிய நான் ஒருத்தனா ஓட்ட முடியாதுன்னு உங்கிட்டச் சொல்லல."

அக்கா சாக்கு சுற்றிய மோட்டாரின் பக்கம் ஒரு முறை பார்த்தார். மறுபடி என் உதட்டுக்கு வந்தார்.

"சொல்லியிருக்கோணும்."

அவ்வளவுதான். அதோடு நாச்சிமுத்து பேசி முடித்துவிட்டார். நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூட முடியவில்லை. தறிகள் அந்தச் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால்தான் தைரியம் வந்தது என்று நினைக்கிறேன்; உதடு அசைவது பேசுவதில் சேராது என்று ஒரு கோழை நினைப்பு.

"மெஷின்ல கோளாறு இல்லக்கா. நான்தான் தப்பாக் கட்டினேன். உங்க நரம்பு போனது என்னாலதான். உங்ககிட்டச் சொல்லல."

அவர் புருவம் சுருங்கியது. வலது கையை விரித்து, கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது விரலில் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"ஆவி மூணு தடவதான் தம்பி படிஞ்சுது. நாலாவது யாரு?"

நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன்.

அவர் திரும்பி நடந்தார். முதல் தறியின் கைப்பிடியை இழுத்து நிறுத்தினார். இரண்டாவது. மூன்றாவது. சாக்கு சுற்றிய மோட்டாருக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்று, சாக்கின் மேல் உள்ளங்கையை வைத்திருந்துவிட்டு, அதையும் நிறுத்தினார். கூடத்தில் என் மூச்சு எனக்குக் கேட்டது. இடுப்புச் சுருக்குப் பையிலிருந்து பெட்டியை எடுத்து, காதுக்குப் பின்னால் வைத்து, குமிழில் சரியாகப் பொருந்தும்வரை அழுத்தினார். பிறகு வந்து, முன்பு நின்ற அதே இடத்தில் நின்றார். இந்த முறை உதட்டைப் பார்க்கவில்லை. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, காதை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றார்.

"அவரு செத்துட்டாரு, அவருக்கு வாயசைப்புப் போதும்," என்றார். "நீங்க இருக்கறீங்கள்ல. சத்தமாச் சொல்லுங்க."